பல் எண்ணிய மத்தியானம்

வெர்னாவின் காரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் புகார்ச் சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான்.

காலையில் முதல் சுற்றிலேயே அவளிடம் தோற்றவளும் நான்தான். அதனால் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒஹையோவில் எங்கள் பந்தயத் தடத்தின் சட்டம் கறாரானது. எங்கள் பிரிவில் ஓட வேண்டுமென்றால் அறுபதுகளில் வந்த கார், அதோடு கம்பெனி மாட்டிக் கொடுத்த இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. யாராவது மூன்று கியர் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தால் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டின் வடிவமே வேறு.

ஆனால் இரண்டு கியரிலேயே இரண்டு வகை உண்டு. எட்டு சிலிண்டர் காருக்கு ஒன்று, ஆறு சிலிண்டர் காருக்கு ஒன்று. ஆறின் பல்சக்கரங்களை எட்டுக்குள் ஒளித்து வைத்தால் புறப்படும்போது வண்டி கொஞ்சம் கூடுதலாகப் பாயும். வெளியே இருந்து பார்த்தால் கடவுளுக்கே தெரியாது. முழுதாகப் பிரித்துப் பல்லை எண்ணினால்தான் உண்டு.

வெர்னா அந்தக் கள்ளத்தனத்தைச் செய்திருக்கிறாள் என்று சீட்டில் எழுதியிருந்தது.

சோதனை அதிகாரி ஹோபர்ட் அதைப் படித்துவிட்டு அவளிடம் போனார். ஐந்து மணிக்கு இறுதிச் சுற்று; மற்ற சுற்றுகளையும் ஜெயித்து வெர்னா அதற்கு வந்திருந்தாள். புகார் வந்துவிட்டால் அதற்கு முன்பே பிரித்தாக வேண்டும். பிரித்தால் ஐந்து மணிக்குள் திரும்ப மாட்ட முடியாது. மறுத்தால் திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி.

"நானே பிரிக்கிறேன்," என்றாள் வெர்னா. "இங்கயே. எல்லாரும் பாக்கட்டும்."

வேலியோரம் நின்ற கிளென் சிரித்தான். அவளுடைய முன்னாள் கணவன். கியர்பெட்டி கட்டுவதில் இந்த வட்டாரத்திலேயே பெரிய கை. விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் வெர்னா ஜெயித்தால் ஜனம் அவன் கையைத்தான் குலுக்கும். பெட்டி கிளெனுடையது, அவள் சும்மா உட்கார்ந்து மிதிக்கிறாள் என்பார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே புதிதாக ஒன்று கட்டியதாக அவள் சொன்னபோது ஒலிபெருக்கிக்காரன்கூடச் சிரித்தான். அவள் பட்டறை திறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒருவனும் ஒரு பெட்டியைக்கூடக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

"நான் கட்டுன பெட்டில தப்பு இருக்காதுப்பா!" என்று கிளென் கத்தினான். "உள்ள டிரம்முல என் எழுத்து இருக்கும், அதையும் பாத்துக்குங்க!"

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் கட்டும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், டிரம் என்கிற இரும்பு உருளையில், தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்திவைப்பான்.

வெர்னா காருக்கு அடியில் போய்ப் படுத்தாள். சூடு ஆறாத சிவப்பு எண்ணெய் அவள் முழங்கைவரை வழிந்தது. யாரிடமும் ஸ்பானர்கூடக் கேட்கவில்லை.

"தோத்துட்டா அழுதுட்டு வீட்டுக்குப் போறதுதானே டீட்ரா? இப்படியா பண்ணுவ?" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன், வாய் நிறைய ஹாட் டாக் ரொட்டியோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பாமல் காரையே பார்த்து நின்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியின் உள்ளுறுப்புகள் எல்லாம் தார்ப்பாயின் மேல் வரிசையாகக் கிடந்தன. ஹோபர்ட் பல்லை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"எட்டு சிலிண்டர் சாமான்தான். சுத்தம்."

கிளென் வேலியைத் தாண்டி வந்து டிரம்மை எடுத்தான். சட்டைக் கையால் துடைத்தான். திருப்பினான். மறுபடி துடைத்தான். ஹோபர்ட் அதை அவன் கையிலிருந்து வாங்கி, விளிம்பில் டார்ச் அடித்து உரக்கப் படித்தார்.

வெர்னா ஹேடன். அவள் பிறந்த வீட்டுப் பெயர். பக்கத்தில் போன ஜனவரித் தேதி.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிளென் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். தடத்தில் இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு கார் போய் நின்று, தனியாக ஓடி, கோப்பையை வாங்கிக்கொண்டது. வெர்னா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கைந்து பேர் இருப்பார்கள்.

புகார் தள்ளுபடி என்று எழுத ஹோபர்ட் என்னிடம் வந்தார். அவர் கையிலிருந்த அட்டையில் எல்லாருடைய சீட்டும் செருகியிருந்தது. என் புகாரையும் வெர்னா காலையில் கொடுத்த நுழைவுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டிலும் ஒரே பச்சை மை. ஒரே சாய்வான எழுத்து. முதல் சுற்று முடிந்ததும் வெர்னா தானே உட்கார்ந்து எழுதி என்னிடம் நீட்டிய புகார் அது. தன் கார்மேல் தானே புகார் கொடுக்க முடியாதே. என் பெயர் மட்டும்தான் என்னுடையது.

"ஃபைனலையே விட்டுட்டாளேம்மா," என்றார் ஹோபர்ட், தணிந்த குரலில்.

"ஓடி ஜெயிச்சிருந்தா, அதுவும் கிளென் கணக்குலதான் சார் போயிருக்கும்."