கதவுகள் பார்த்த திசை

மாநாட்டுத் திடலில் பெண்கள் பக்கம் நாற்பது நடமாடும் கழிப்பறைகளை நூல் பிடித்தாற்போல் நிறுத்தியிருந்தார் சூசைமாணிக்கம். மேடையிலிருந்து பார்த்தால் எடுப்பாகத் தெரியட்டும் என்று கதவுகளை மேடையைப் பார்க்க வைத்தது அவருடைய சொந்த யோசனை. வெயில் உச்சிக்கு வந்தும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. பத்தாயிரம் பெண்களும், கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை மூடி திருகாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்தாயிற்று.

முன்வரிசையில் பேச்சித்தாய்க்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. “குடிங்கம்மா, வெயில் கொல்லுதுல்லா,” என்றார் சூசைமாணிக்கம் அவளிடம்.

“குடிச்சா போகணுமே அண்ணாச்சி. கதவத் திறந்துட்டு வெளிய வரும்போது தலைவரு மூஞ்சியிலயா முழிக்க? அவரு நல்ல மனுசன், வணக்கம் வேற வைப்பாரு.”

சூசைமாணிக்கம் ஆட்களைக் கூப்பிட்டு நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பி வைத்தார். இப்போது கதவுகள் பின்னாலிருந்த சவுக்குத் தோப்பைப் பார்த்தன. பேச்சித்தாய் எழுந்து போய் ஒரு கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். திரும்பி வந்தாள், பக்கத்திலிருந்தவளிடம் தலையை ஆட்டினாள், பாட்டில் மூடியைத் திருகினாள்.

அதன்பின் பத்தாயிரம் மூடிகள் சேர்ந்தாற்போல் உடைபட்ட சத்தம் இருக்கிறதே, அது மூன்று ஊருக்குக் கேட்டது. பேசிக்கொண்டிருந்த தலைவர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு, பேச்சை நிறுத்திக் கைகூப்பினார். பெண்கள் பக்கம் அவரை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லா முகமும் அண்ணாந்திருந்தது.