வெள்ளிக்குத் தீட்டில்லை

அதிகாரி வருவதற்குள் ஏழையாகிவிட வேண்டும் என்பதால், விடியற்காலையிலிருந்தே வைஜயந்தி ஓய்ந்து உட்காரவில்லை.

சுவர்க் கடிகாரமும் ரேடியோவும் மாட்டு வண்டியேறித் திருவானைக்காவலிலிருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டன. ஊஞ்சல் பலகை பரணுக்கு ஏறிவிட்டது. உத்தரத்தில் மிஞ்சிய சங்கிலிகளில் கொடி கட்டிப் பழம்புடவைகளைக் காயப்போட்டாள். வறுமைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

வறுமை அந்த வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

அதுவரை அவள் கணவர் சௌரிராஜன், சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் அறிவுக்கே உரியது என்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் வாதாடிவந்தார். தகப்பனின் வருமானத்தைக் கேட்டுப் பிள்ளைக்குப் படிப்புப் பணம் கொடுப்பது வித்தையை அவமதிப்பதாகும் என்றார். மகள் கமலவல்லியே ஜில்லாவில் முதலாவதாக வருவாள் என்பதில் அப்போது அவருக்கு ஐயமில்லை.

முதலாவதாக வந்தவள் அழகம்மாள். தொட்டியத்தில் அவருடைய வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த வீரமலையின் மகள்.

மதிப்பெண்ணுக்கான சம்பளம் அவளுக்குப் போயிற்று. எஞ்சியது ஏழைப் பெண்ணுக்கான ஒன்றுதான். அன்று மாலையே சௌரிராஜன் ஏழைகள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

சர்க்கார் கொடுத்தால் கமலவல்லி காலேஜுக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் தையில் உறையூர் வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். பெண்ணின் படிப்புக்குத் தம் கையிலிருந்து தம்படியும் பெயராது என்று தீர்த்துச் சொல்லியிருந்தார். ஆயினும் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தாமே கை கொடுத்தார். பிறகு, பொய் தம் நாவால் வரலாகாது என்று கோயிலுக்குப் போய்விட்டார்.

பொய் வைஜயந்தியின் நாவுக்கு ஒப்படைக்கப்பட்டது.

வெயில் ஏறியபின் அதிகாரி இருதயநாதன் வந்தார். கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு ரேழியில் பாயில் அமர்ந்தார். அவர் கேட்டவற்றுக்குக் கமலவல்லி தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். வைஜயந்தி உள்கதவுக்குப் பின்னால் நின்று, அந்த வீட்டில் நெய் மருந்துக்குத்தான் என்று சேர்த்துச் சொன்னாள்.

வெயிலில் வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. கிறிஸ்தவர் குடித்த பித்தளை டம்ளரை மறுபடி சமையலறையில் சேர்க்கும் வழக்கமும் இல்லை. வெள்ளிக்கு அந்தத் தொல்லை கிடையாது. நீரில் அலம்பினால் தீட்டுப் போய்விடும். அந்தத் தெருவில் சமத்துவம் வெள்ளியில்தான் பரிமாறப்பட்டது.

அவளுடைய தாய்வீட்டு வெள்ளி அவள் பெட்டியிலேயே கிடந்தது. கணவரின் சாமான்களில் அது சேர்த்தியில்லை. அதனால் வண்டியில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் காப்பியை ஊற்றி, மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

இருதயநாதன் டம்ளரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. விடியலிலிருந்து பாடுபட்டுச் சேர்த்த வறுமை ஒரு வாய்க் காப்பியில் கரைந்துவிட்டது.

எதிர்வீட்டில் இரவல் வாங்கியது என்று தொடங்கினாள். அவர் நிதானமாகக் குடித்து முடித்தார்.

“சிரமப்படாதீங்கம்மா. உங்க வீட்டு ஐயங்கார் போன வாரமே ஆபீசுக்கு வந்து, நிலம், வீடு, வட்டி எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லிட்டார். நெஜமான ஏழைப் பொண்ணாப் பாத்துக் கொடுங்கன்னும் கேட்டுக்கிட்டார். வீட்டை நேர்ல பாக்கணும்னு விதி இருக்கு, அதான் வந்தேன்.”

கமலவல்லி தரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

வைஜயந்தி உள்ளே போய், பெட்டியிலிருந்த தட்டு, கூஜா, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு, கதவைத் தாண்டி ரேழிக்கு வந்தாள். அலம்பாத டம்ளருக்குப் பக்கத்தில் அவற்றை வரிசையாக வைத்தாள்.

“காலேஜ்லே பீஸை வெள்ளியாவே கொடுத்தா வாங்கிப்பாளா, இல்லே வித்துட்டுத்தான் வரணுமா?”