இடது ஓரம்

அண்ணி உருட்டிய பந்து மறுபடியும் பவுலிங் தளத்தின் இடது ஓரமாகவே ஓடியது. எதிர்க்கோடியில் நின்ற பத்துப் பின் கட்டைகளில் மூலையில் இருந்த மூன்றை மட்டும் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் விழுந்தது.

"வேணும்னேதான் பண்றாங்க," என்று பல்லைக் கடித்தார் பல் டாக்டர். பவுலிங் அணிக்கு அவர்தான் கேப்டன். "இத்தனை வருஷமா வலது பக்கமா உருட்டின கை. இன்னைக்கு மட்டும் எப்படி அங்க போகும்?"

அண்ணியின் கொழுந்தன் சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் உறைக்காமல் போய் மாதக்கணக்காகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை.

விபத்தில் வண்டியை ஓட்டியவன் அவன். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பிக்கு வலது தோள் மட்டும் போயிற்று. அன்றிலிருந்து அண்ணி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அணியில் கடைசியாக உருட்டும் இடம் அண்ணனுடையது. முதலில் உருட்டுகிறவள் அண்ணி. தளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது இருக்கிறவரை பந்து வழுக்கும், தேய்ந்த இடத்தில்தான் பிடித்துத் திரும்பும். முதல் ஆள் எண்ணெயைத் தேய்த்துக் கடைசி ஆளுக்குப் பாதை போட வேண்டும். அண்ணி போட்ட பாதையில் அண்ணன் வாங்கிய கோப்பைகள் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

இப்போது அந்த இடத்தில் சின்னவன். இடது கையால் உருட்டப் பழகிக்கொண்டு வந்திருக்கிறான். தனியாகப் பழகும்போது நன்றாகத்தான் வருகிறது. அணியோடு ஆடினால் மட்டும் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"இன்னைக்கும் தோத்தா கடைசி இடத்துக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்ப்பா," என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அண்ணனைத்தான் தொலைத்தாயிற்று, அவன் இடத்தையும் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று சின்னவனுக்குத் தெரியவில்லை.

அண்ணி மறுபடி எழுந்தாள். மறுபடி அதே ஓரம்.

"பழி வாங்குது," என்று முணுமுணுத்தார் மூன்றாவதாக உருட்டும் டெய்லர். "நீ தோத்து நிக்கிறதைப் பார்க்கணும் அதுக்கு."

"பார்க்கட்டும்ணே," என்றான் சின்னவன். "நியாயம்தானே."

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. நேரே அண்ணியிடம் போனார். "ஏம்மா, உங்க வீட்டுக் கோபத்தை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா? நாங்க ரெண்டு பேரும் மாடா உழைக்கிறோம்."

அண்ணி தன் பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி எண்ணெயில் நனைந்து பளபளத்தது. அவள் அதை மடித்து வைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஓரத்துக்கே போனாள்.

பாதி ஆட்டத்துக்கு மேல் சின்னவனின் பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சு கேட்டது. ஆறு, எட்டு, பிறகு ஒரேயடியாகப் பத்து என்று பின்கள் விழுந்தன. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

கடைசிச் சுற்று வந்தது. ஒரே பந்தில் பத்தும் விழுந்தால் வெற்றி, ஒன்று நின்றாலும் எதிரணிக்கு.

சின்னவன் உருட்டினான். இடது ஓரமாக ஓடிய பந்து, யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல் உள்பக்கம் திரும்பியது. பத்தும் சாய்ந்தன. டாக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார், டெய்லர் முதுகில் தட்டினார். அவன் மரம்போல நின்றான்.

பெஞ்சில் அண்ணி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி," என்றான். "ஜெயிச்சுட்டேன்."

அண்ணி நிமிரவில்லை. கயிற்றில் விழுந்திருந்த முடிச்சைப் பிரித்தபடியே சொன்னாள்:

"உனக்கு இப்ப இடது கைதானே... பாதையையும் அந்தப் பக்கம்தானே போடணும், தம்பி."