தீப்பெட்டி இல்லாத வீடு

“மோசி, ரெண்டு கங்கு குடுடி!”

விடிந்தால் போதும், உடைந்த பானை ஓட்டை ஏந்திக்கொண்டு கிபிபி அக்கா மோசி வீட்டு வாசலில் நிற்பாள். அக்கா எங்கள் பங்கானி ஊர்ச் சந்தையில் மீன் கடை வைத்திருப்பவள். மோசியோ கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல், ரெண்டு குழந்தைகளோடு, கரியைக்கூட டப்பா டப்பாவாக வாங்கி எரிப்பவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஊருக்கே மீன் விக்கிறே, ஒரு தீப்பெட்டி வாங்க மனசு வரலையாக்கா?”

அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவாள். சில நாள் மோசி அடுப்பு மூட்டியிருக்க மாட்டாள். அன்றைக்கு அக்கா வெறும் ஓட்டோடு திரும்புவாள். நல்லா வேணும் என்று நினைத்துக்கொள்வேன்.

முந்தாநாள் குழாயடியில், எல்லோர் முன்னாலும் ஒரு தீப்பெட்டியை அவள் கையில் திணித்தேன்.

“இந்தா! இனிமே இல்லாதவ வீட்டு நெருப்புல கை வைக்காதே.”

தெருவே சிரித்தது. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் அவள் கங்குக்கு வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று காலை, தேங்காய் துருவும் பலகையை இரவல் கேட்டு அவள் சமையலறைக்குள் நுழைந்தேன்.

கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு கூடை நிறைய அணைந்த கங்குகள்.

“என்னக்கா இது? கேஸை வச்சுக்கிட்டா...?”

“மெதுவாப் பேசுடி. மோசி ரோஷக்காரி. பசின்னு வாயைத் திறக்க மாட்டா. கங்கு குடுத்தான்னா, உலை வச்சிருக்கான்னு அர்த்தம். அடுப்பே மூட்டலைன்னா, ‘மீன் மிஞ்சிப் போச்சு, வீணாயிடும்’னு ஒரு சட்டி அனுப்பிடுவேன்.”

இத்தனை நாளும் இதே தெருவில்தானே இருந்தேன்!

“நேத்து அவ அடுப்பு எரிஞ்சுதான்னு எனக்குத் தெரியலை” என்றாள் அக்கா. “இன்னைக்கும் தெரியலை. இப்ப எந்த முகத்தோட போய்க் கேப்பேன்? கையிலதான் உன் தீப்பெட்டி இருக்கே.”

துருவு பலகை மறந்துபோனது. அக்காவின் பானை ஓட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வீட்டு அடுப்பு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மோசி, ரெண்டு கங்கு குடுடி!”

மோசி கதவை முழுதாகத் திறக்கவில்லை.

“இன்னும் பத்த வைக்கலைக்கா.”

திரும்பினேன். தெருக்கோடியில், தன் வாசலில் கிபிபி அக்கா நின்றிருந்தாள். வெறும் ஓட்டைக் கவிழ்த்துக் காட்டினேன்.