நம்பர் மாறாத கார்

"இந்த இன்ஜினோட ஃபராயா மலை ஏறுனா, பின்னாடி வர்ற காய்கறி வண்டி ஹார்ன் அடிச்சு வழி கேட்கும், கவாஜா" என்றார் மெக்கானிக் வர்த்கேஸ், பானெட்டை மூடியபடி. பணக்கார வாடிக்கையாளர் எல்லாரும் அவருக்குக் 'கவாஜா', அதாவது ஐயா.

நசீப்பின் முகம் வாடியது. அவருடையது 1964ஆம் வருடத்து இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். பெய்ரூட் முழுக்கச் சலித்தாலும் இப்படிச் சிவப்பாக இன்னொன்று கிடைக்காது. போன மாதம்தான் வாங்கியதாகச் சொல்லி, புர்ஜ் ஹம்மூதில் இருந்த வர்த்கேஸின் பட்டறைக்கு ஓட்டி வந்திருந்தார்.

"இன்ஜினை மாத்தினா ஒரிஜினல் போயிடுமே, மாஸ்டர்?"

"உங்களுக்கு ஓட்டணுமா, கும்பிடணுமா? கும்பிடறதுக்குன்னா மியூசியத்துல நிறைய இருக்கு."

நசீப் சிரித்துவிட்டார்.

"ஆனா பெரிய இன்ஜினை உங்க பழைய சேஸி தாங்காது. முதல்ல அதை மாத்தணும்" என்று வர்த்கேஸ் அடுத்த தூண்டிலைப் போட்டார்.

"ஸஹ்லேயில இதே மாடல் ஒண்ணு நொறுங்கிக் கிடக்கு. சேஸி மட்டும் தப்பிச்சிருக்கு, பத்திரமும் இருக்கு. அதை வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் நசீப்.

"தாராளமா!"

நசீப் போனதும், காபிக் கோப்பைகளை எடுக்க வந்த மனைவி சூஷான் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு அப்பாவி தலையில மிளகாய் அரைக்கிறியே, நல்லாவா இருக்கு?"

"அப்பாவி இல்லடி, அடிமுட்டாள். இன்ஜின், கியர்பாக்ஸ், சேஸி எல்லாத்துலயும் கம்பெனிக்காரன் நம்பர் அடிச்சிருக்கான். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தினா அது பொக்கிஷம். ஒண்ணு மாறினாலும் அது வெறும் கார். இந்தாள் பொக்கிஷத்தைக் கழட்டி என் கையில கொடுக்கறான்."

"கழட்டி என்ன பண்ணப் போற?"

"பின்னாடி ஷெட்டுல மறுபடியும் பூட்டப் போறேன். முப்பது வருஷமா ஊரான் காரையே துடைச்சாச்சு. வசந்த காலத்துப் பழைய கார் கண்காட்சியில நானும் ஒரு தடவை ஸ்டீயரிங் பிடிச்சு உட்கார வேண்டாமா?"

"உட்காரு, உட்காரு. எங்க உட்காரப் போறியோ" என்று முணுமுணுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

சேஸி மாறியது. அடுத்து இன்ஜின். 'இந்த வேகத்துக்குப் பழைய கியர்பாக்ஸ் தாங்குமா?' என்றதில் கியர்பாக்ஸ் போனது. 'நிறுத்த வேண்டாமா?' என்றதில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. துருப்பிடித்த பாடிக்குப் பதிலாக அலுமினியத்தில் புதியது ஏறியது. ஒவ்வொரு முறையும் நசீப், "ஒரிஜினல் போயிடுமே" என்று பெருமூச்சு விடுவார். அடுத்த நிமிடமே தலையாட்டுவார். கடைசியில், "சிவப்பு அலுத்துப் போச்சு, சாம்பல் அடிச்சிடு" என்றும் சொல்லிவிட்டார்.

அவர் கறாராக இருந்தது ஒரே விஷயத்தில்தான்.

"ரசீது கொடு மாஸ்டர். புதுசு போட்டேன்னு நான் சொன்னா என் வீட்டம்மா நம்ப மாட்டா. உன் கையெழுத்து வேணும்."

வர்த்கேஸ் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பெண்டாட்டிக்குப் பயந்த பணக்காரனை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எட்டாவது மாதம் நசீப் புலிப் பாய்ச்சலில் சாம்பல் காரை ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் ஷெட்டில் சிவப்புக் கார் முழுசாக நின்றது. கண்காட்சியின் 'அசல் மாறாத கார்' போட்டிக்கு, எல்லா எண்களையும் அழகாக எழுதிப் படிவத்தை அனுப்பினார் வர்த்கேஸ்.

வியாழக்கிழமை காலையில் சோதனைக்கு இருவர் வந்தார்கள். கையில் பூதக்கண்ணாடியோடு ஒரு பெரியவர். கோப்போடு ஓர் இளைஞர்.

பெரியவர் குனிந்து இன்ஜின் எண்ணைப் படித்தார். கியர்பாக்ஸ் எண்ணைப் படித்தார். சேஸி எண்ணைப் படிக்கும்போது அவர் கண் கலங்கிவிட்டது. ரசனையுள்ள மனுஷன் என்று வர்த்கேஸ் நினைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டார் இளைஞர்.

"அப்பா புதுசா வாங்கினது. அன்னியிலிருந்து எங்க கையை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்ல."

"பத்திரம்?"

"சண்டை நேரத்துல வீட்டோட எரிஞ்சு போச்சு." பெய்ரூட்டில் இந்தப் பதிலுக்கு யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

"இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"பேனா கொடுங்க!"

போட்டார். பெரியவர் மெல்ல நிமிர்ந்தார்.

"எல்லா நம்பரும் சரி, இன்ஸ்பெக்டர். ஒரு நட்டுகூட மாறல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டு ஷெட்டுல திருடு போன வண்டி இதேதான். போட்டி நடுவரா இவரோட படிவத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது."

வர்த்கேஸ் பக்கத்தில் கிடந்த டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஐயா, சத்தியமா இது நசீப் கவாஜா கொண்டு வந்த வண்டி! ஒவ்வொரு பாகமா நான்தான் கழட்டி..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதே மாடல் வச்சிருக்காரேன்னு அவரையும் நேத்து விசாரிச்சிட்டோம்" என்றபடி இன்ஸ்பெக்டர் கோப்பை மூடினார்.

"ஸஹ்லேயில நொறுங்கிக் கிடந்த வண்டியைப் பத்திரத்தோட வாங்கினாராம்; மத்ததெல்லாம் புதுசு போட்டதுக்கு உங்க கையெழுத்தோட பதினோரு ரசீது வச்சிருக்கார், மாஸ்டர்."