ஒன்றும் நடக்காத கதை

"இதுல என்னதான் மகள் நடக்குது? நாலு புள்ளைகள் ஸ்கூலுக்குப் போறாங்க, அரட்டை அடிக்கிறாங்க, வீட்டுக்கு வாறாங்க!" கடையிலிருந்து வந்த நுஹ்மான் டிவியைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"அதுதான் கதையே!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு பஸ்லா.

அந்த ஜப்பான் கார்ட்டூன் நுஹ்மானின் மனைவி கைறுன்னிஸாவுக்குப் பிடித்ததும் அதனால்தான். அதில் யாருக்கும் எதுவும் ஆகாது. ஒரே குறை, அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதே இல்லை.

"கடைசி எபிசோட் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு நான் ஒலுவில் கெம்பஸுக்குப் படிக்கப் போயிடுவேன். போடவா? இல்ல, திரும்பவும் முதல்ல இருந்தா?"

ஐந்து வருடமாக அந்த இடம் வந்ததும், "முதல்ல இருந்து போடு" என்றுதான் கைறுன்னிஸா சொல்லிவந்தாள். அன்று கடைசிக்கு முந்திய எபிசோடைப் பார்த்துவிட்டுப் படுத்த அவள் மகள் அம்றா, மறுநாள் காலையில் பஸ்லாவோடு ஸ்கூல் வேனில் ஏறினாள். உக்குவளைப் பாதையில் வேன் கவிழ்ந்த பிறகு வீடு திரும்பியது பஸ்லா மட்டும்தான்.

கைறுன்னிஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கடைசியையே போடு மகள். அந்தப் புள்ளைகளும் ஸ்கூல முடிச்சிட்டுப் போகட்டும்."