ஒரே பிரதி, இருபத்தாறு பேர்

"என் புத்தகத்தை வெட்டினது யார்?"

பஞ்சாபகேசன் போட்ட சத்தத்தில் கார்கானாவின் அத்தனை தையல் மிஷின்களும் நின்றன.

அவர் கையில் மெல்லிய நோட்டு மாதிரி ஒன்று. பழுப்புக் காகித அட்டை, முதுகில் மிஷின் தையல். உள்ளே அவர் எழுதிய நாவலின் ஆறாம் அத்தியாயம். அது மட்டும்தான்.

அரை மணிக்கு முன் மாட்டுங்கா பஸ்ஸில் எதிர் சீட்டு ஆள் இதைப் படித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் எல்லாம் இவருடைய வரிகள்! முதலில் புல்லரித்தது. மிச்சப் புத்தகம் எங்கே என்று கேட்டார்.

"எனக்கு இப்ப ஆறாவதுதான் சார் முறை. ஏழாவது, காஜா எடுக்கவன்கிட்ட இருக்கு."

ஞானராஜ் என்ற அந்த ஆளைப் பிடித்த பிடி விடாமல், தாராவியில் அவன் வேலை செய்யும் இந்தத் தையல் பட்டறை வரைக்கும் வந்துவிட்டார்.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? மனுஷர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. நாலு வருஷம் எழுதி, கைக்காசைப் போட்டு ஐநூறு பிரதி அச்சடித்தார். மாட்டுங்கா சிநேகிதர்கள் முப்பது பேர், "கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ சார்" என்று இலவசமாக வாங்கிப் போனார்கள். காசு கொடுத்து வாங்கினவர்கள் பதினொரு பேர். மற்றதெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. "அடுத்த மாசத்துக்குள்ள வித்தா சரி. இல்லேன்னா பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

கார்கானா முதலாளி தங்கபாண்டி எழுந்து வந்தார். கழுத்தில் டேப், கையில் பெரிய கத்திரி.

"வாங்க சார், உக்காருங்க. ஏல, சாருக்கு ஒரு சாய் சொல்லு."

"சாய் கிடக்கட்டும். வெட்டினது யார்?"

"நாந்தான் சார்."

கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"இங்க எல்லா வேலையும் அப்படித்தான் சார். காலர் ஒருத்தன், கை ஒருத்தன், காஜா ஒருத்தன். புஸ்தகம் முழுசும் ஒருத்தன் கையிலயே இருந்தா மத்தவன் எப்பப் படிக்க? அதான் அத்தியாயம் அத்தியாயமா வெட்டித் தைச்சுட்டேன். ஒருத்தன் முடிச்சதும் அடுத்தவன்கிட்ட தள்ளிருவான்."

"வாங்கினது எத்தனை?"

"ஒண்ணு."

"படிக்கறது?"

"இருபத்தாறு பேரு சார். பக்கத்துக் கார்கானாவுலயும் கேக்காக." ஏதோ பதக்கம் வாங்கினவர் மாதிரி சிரித்தார்.

பஞ்சாபகேசனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டார்.

"ஒரு புத்தகத்தை வாங்கி ஊரே படிச்சா, நான் யார்கிட்டே ஓய் விக்கறது? எழுதினவன் என்ன தர்மசத்திரமா நடத்தறான்? இந்தாரும் உம்ம ரெண்டு ரூபா, அம்பது நயா பைசா. என் புத்தகத்தை எடும்!"

காசு மேஜையில் விழுந்து உருண்டது. அங்கிருந்தும் இங்கிருந்தும் துண்டுகள் வந்தன. எண்ணெய்க் கறையும் நூல் பிசிறுமாக இருந்தவற்றை வரிசையாக அடுக்கினார். பதிமூன்றுதான் தேறியது.

"பதினாலாவது எங்கே?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"தொலைச்சாச்சா? கடைசி அத்தியாயம் ஐயா அது! அது இல்லாம கதையே இல்லையே! கோமளாவுக்கு அத்தனை மொட்டைக் கடுதாசி போட்டது யாருங்கறதே அதுலதானே வரது! அது வேற யாரும் இல்லே, அவளோட..."

தங்கபாண்டி ஒரே பாய்ச்சலில் வந்து அவர் வாயைப் பொத்தினார்.

எழுத்தாளரின் வாயை! அத்தனை பேர் முன்னாலும்! பஞ்சாபகேசனுக்குக் கண்ணாடி நழுவியது, முகம் சிவந்துபோயிற்று. தங்கபாண்டியோ அவரைத் தள்ளிக்கொண்டு போய், துணி மூட்டைகளுக்குப் பின்னால்தான் கையை எடுத்தார்.

"போலீசுக்குப் போவேன் ஓய்!"

"மெதுவா சார், மெதுவா. பயலுக காதுல விழுந்திரும்."

இடுப்புச் சாவியை எடுத்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பதினாலாம் அத்தியாயம், ஒரு விரல்கூடப் படாமல் இருந்தது. அதன்மேல் ஒரு சீட்டு. சீட்டில் பத்தொன்பது பெயர்கள்.

"மொத நாளே இத வெட்டி ஒளிச்சு வச்சுட்டேன் சார். 'பதிமூணு வரைக்கும் ஓசில படிங்கல, முடிவு தெரியணும்னா ஆளுக்கு ஒரு புஸ்தகம் வாங்கணும்'னு சொல்லிட்டேன். பதிமூணு முடிச்சவன் ஒருத்தனுக்கும் சோறு எறங்கல. பேர எழுதிக் குடுத்துட்டாங்க. சனிக்கிழமை சம்பளம். ஞாயித்துக்கிழமை அத்தனை பேரையும், புஸ்தகத்துல போட்டிருக்க விலாசத்தப் பாத்து உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாறதா இருந்தேன்."

பஞ்சாபகேசன் சீட்டைப் பார்த்தார். தங்கபாண்டியைப் பார்த்தார். கத்தின கத்தெல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டது, வெட்கமாக இருந்தது.

"எனக்காக நீர் எதுக்கு..."

"உங்க புஸ்தகம் விக்கவே இல்லன்னு கடைக்காரரு சொன்னாரு. தைச்ச சட்டை விக்காமக் கெடந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார்."

மூட்டைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞானராஜ் குரல் கொடுத்தான். "சார், கோமளாவுக்குக் கடுதாசி போட்டது யாரு சார்? நீங்களாவது சொல்லிட்டுப் போங்க!"

பஞ்சாபகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனுஷர்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது என்று நெகிழ்ந்துபோய் வாயைத் திறந்தார்.

"சொல்லிராதீக சார்!" என்று பதறினார் தங்கபாண்டி. "பத்தொம்பது புஸ்தகம் போயிரும்!"